வாசகர் சொல்கிற பெயரில் தேடிப் பார்ப்பது

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். காலையில் நாளிதழ் படிக்க வருகிறவர்கள் கிளம்பிய பிறகு, பள்ளி விட்டுப் பிள்ளைகள் வருவதற்குள் கொஞ்சம் நேரம் கிடைக்கும். நூலகத்துக்கு உதவும் என்று யாராவது சொல்கிற இணையக் கருவிகளை அந்த நேரத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது சில காலமாக என் வழக்கமாகிவிட்டது. எதைத் திறந்தாலும் முதலில் ஒரு வேலை செய்வேன். எங்கள் வாசகர் ஒருவர் மேசைக்கு முன்னால் நின்று ஒரு எழுத்தாளரை எந்தப் பெயரில் கேட்பாரோ, அதே பெயரைத் தட்டிப் பார்ப்பேன். கிடைத்தால் மேற்கொண்டு பார்ப்பேன். கிடைக்காவிட்டால், ஏன் கிடைக்கவில்லை என்று தெரிகிற வரைக்கும் விடமாட்டேன்.

இந்தச் சோதனை எனக்கு நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனிடமிருந்து வந்தது. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்கிறது. நூலகப் படிப்பில் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிய விதிதான். ஆனால் தினமும் மேசையில் உட்கார்ந்தால்தான் அது எவ்வளவு கறாரான விதி என்பது தெரியும். அதே 1931இல்தான் எங்கள் பக்கத்து மேலவாசலைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு மன்னார்குடி வட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பினார். வாசகர் இருக்கும் இடத்துக்குப் புத்தகம் போக வேண்டும் என்று நினைத்த ஊர் இது. இணையக் கருவி விஷயத்திலும் எனக்கு அதே எதிர்பார்ப்புதான்.

சரி, பெயருக்கு வருகிறேன்.

எங்கள் வாசகர்களில் பெரியவர்கள் "ஜெயகாந்தன் இருக்காம்மா?" என்று கேட்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் போனில் அதையே ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள், அதிலும் ஆளுக்கொரு விதமாக. ஜே-வுக்குப் பிறகு ஏ போடுகிறவர்கள் உண்டு, ஈ போடுகிறவர்கள் உண்டு. ஆனால் காந்தனில் வரும் த-வுக்கு எல்லோருமே டி, ஹெச் இரண்டையும் போடுவார்கள். உலக நூலகப் பட்டியல்களில் பழைய பதிவுகள் அப்படி இருக்காது. அங்கே த-வுக்கு வெறும் டி. நெடிலுக்கு எழுத்தின் தலையில் ஒரு கோடு. கடைசியில் வரும் ன்-க்கு, ஆங்கில என் எழுத்தின் அடியில் ஒரு கோடு. நம்ம ஊரில் எந்த மனிதரும் அப்படித் தட்டப் போவதில்லை. அதனால் புத்தகம் பட்டியலில் இருந்தும் இல்லாததாகவே போய்விடும்.

இந்த எழுத்துமுறை எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனபோது தெரிந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1954இல் அமெரிக்கா பப்ளிக் லா 480 என்று ஒரு சட்டம் போட்டது. அதன்படி நமக்குக் கோதுமையை ரூபாய்க்கே விற்றார்கள். அப்படிச் சேர்ந்த ரூபாயில் ஒரு பகுதியை வைத்து 1960களில் இந்தியாவிலேயே இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அந்த வேலைக்காக அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் டெல்லியில் ஓர் அலுவலகமே வைத்தது. தமிழ்ப் புத்தகங்கள் சிகாகோவுக்கும் மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். அன்றைய அட்டைகளிலும் கணினிகளிலும் தமிழ் எழுத்து ஏறாது. ஆகவே கோடு போட்ட ஆங்கில எழுத்தில் ஏற்றினார்கள். அந்தக் காலத்துக்கு அது நேர்த்தியான ஏற்பாடு. எந்தத் தமிழ் எழுத்தையும் இன்னொன்றோடு குழப்பாமல் திரும்ப எழுதிவிடலாம். இன்றைக்கு ஒரு பெண் பேருந்தில் உட்கார்ந்து போனில் தேடும்போதுதான் அது போதவில்லை.

இதற்கு வழி கிடைத்தது விக்கிடேட்டாவில். ஆட்கள், ஊர்கள், நூல்கள் பற்றிய விவரங்களை யார் வேண்டுமானாலும் சேர்க்கக்கூடிய, 2012இல் தொடங்கிய தளம். ஒவ்வொரு எழுத்தாளருக்கும் க்யூ என்று தொடங்கும் ஓர் எண் கொடுத்திருப்பார்கள். பெயர் எத்தனை விதமாக இருந்தாலும் ஆள் ஒருவர்தான் என்பதற்கு அந்த எண்தான் அடையாளம். அதன் பக்கத்தில் "வேறு பெயர்கள்" என்று ஓர் இடம் இருக்கிறது. புனைபெயர், இயற்பெயர், முன்னெழுத்தோடு ஒன்று, முன்னெழுத்து இல்லாமல் ஒன்று, ஆங்கிலத்தில் நம் பிள்ளைகள் தட்டும் விதம் என்று எல்லாவற்றையும் அதில் சேர்க்கலாம். கல்கியை ரா. கிருஷ்ணமூர்த்தி என்று தேடினாலும் அதே ஆளிடம் போய் நிற்கும். நம் மாவட்டத்து எழுத்தாளர்கள் பக்கங்களைத் திறந்து, மேசையில் என் காதில் விழுந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வருகிறேன். ஓபன் லைப்ரரி என்ற இணையப் புத்தகப் பட்டியலிலும் ஆசிரியர் பக்கத்தில் மாற்றுப் பெயர் சேர்க்க நமக்கு ஒரு கணக்கு இருந்தால் போதும். ஒரே ஆள் இரண்டு பேராகப் பதிவாகியிருந்தால், அதை ஒன்றாக்க மட்டும் அதற்கான உரிமை உள்ளவர்களிடம் கேட்க வேண்டும்.

நாம் திருத்தினால் ஏற்றுக்கொள்கிற கருவிகள்மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அழகாக இருந்து, வேகமாக ஓடி, தமிழில் தப்பாக ஒன்று காட்டினால் திருத்த வழியே இல்லாத கருவியை எவ்வளவு பேர் புகழ்ந்தாலும் என்னால் நூலகத்துக்குள் கொண்டுவர முடியவில்லை.

பெயர் என்றதும் சொட்டீரோவையும் சொல்ல வேண்டும். ஆய்வு செய்கிற மாணவர்கள் நூற்பட்டியல் தயாரிக்கப் பயன்படுத்துவது. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் உருவானது. பெரும்பாலான மேற்கோள் கருவிகள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி காட்டும். நமக்கு ஏது கடைசிப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான். அதைக் குடும்பப் பெயராக எண்ணிக்கொண்டு ரா. என்ற எழுத்தின் கீழே ஆளை அடுக்கிவிடும் கருவிகளைப் பார்த்திருக்கிறேன். சொட்டீரோவில் அந்த இரண்டு பெட்டியையும் ஒரே பெட்டியாக்க, பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. பலருடைய கண்ணில் அது படுவதில்லை. முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு தங்கைக்கு அதைக் காட்டினேன். "அக்கா, இதுக்காக நான் ஒவ்வொண்ணா கையால மாத்திட்டிருந்தேன்" என்றாள்.

அடுத்து அகரவரிசை. எங்கள் இருப்புப் பதிவேட்டிலிருந்து தலைப்புகளை ஓர் இணைய விரிதாளில் தட்டி ஏற்றினேன். வரிசைப்படுத்து என்று அழுத்தினால் வந்தது இந்த ஒழுங்கு: கனவு, கற்பு, கலை, கல்வி, களம், கழனி, கவிதை. தமிழ் படித்த யாருக்கும் இது உறுத்தும். இருக்க வேண்டியது கல்வி, கலை, கவிதை, கழனி, களம், கற்பு, கனவு. காரணம், கணினிகள் எழுத்துகளை வைத்துக்கொள்ளும் பொது முறையான யூனிகோடில் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் எண்கள். அங்கே ன, ந-வுக்கு அடுத்தே வந்துவிடுகிறது. ர-வுக்குப் பின் ற. ல, ள, ழ என்று போய் அப்புறம்தான் வ. புள்ளிக்கு உள்ள எண் உயிர்க்குறிகளின் எண்களைவிடப் பெரியது, அதனால் ல் என்பது லை-க்குப் பின்னால் தள்ளப்படுகிறது. எண்ணை மட்டும் பார்த்து அடுக்குகிற கருவி எதுவானாலும் இப்படித்தான் செய்யும். மொழியைக் கேட்டு அடுக்கும் கருவிகளும் இருக்கின்றன. லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் விரிதாளில் வரிசைப்படுத்தும் இடத்தில் விருப்பங்கள் என்று உள்ளே போய், மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் ஒழுங்காக வருகிறது. இப்போது பட்டியலை அங்கே அடுக்கி, அச்செடுத்து, வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதில் விரலை வைத்து ஓட்டித் தேடுவதைப் பார்க்க அவ்வளவு நிறைவாக இருக்கிறது.

புத்தகத்தின் பின்னட்டைப் பட்டைக் கோட்டைப் போனில் காட்டினால் விவரங்கள் தானே வந்து விழும் செயலிகளும் உண்டு. 978-81 அல்லது 978-93 என்று தொடங்கினால் அது இந்தியாவில் கொடுத்த எண். புதிய புத்தகங்களுக்கு இது நல்ல உதவி. ஆனால் எங்கள் அலமாரியில் பாதிக்கு மேல் அந்த எண்ணே இல்லாத பழைய பதிப்புகளும் ஊர்க்காரர்கள் சொந்தக் காசில் அச்சடித்தவையும்தான். அவற்றுக்குக் கைதான் கருவி.

எனக்கு மிகவும் நெருக்கமாகிப்போனது விக்கிமூலம், பழைய நூல்களைப் பலர் சேர்ந்து தட்டச்சு எழுத்தாக்கி வைக்கும் தளம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கும்போது, வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து நூல்களை எல்லோருக்கும் பொதுவாக்குகிறது. அப்படிப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களின் பக்கப் படங்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாக விக்கிமூலத்துக்கு வந்தன. ஒரு பக்கம் அச்சுப் பக்கத்தின் படம், இன்னொரு பக்கம் அந்தப் படத்திலிருந்து கணினி தானாகப் படித்தெடுத்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவதுதான் வேலை. இன்னும் யாரும் தொடாத பக்கம் சிவப்பு, ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. கட்டாயம் வேறு ஒரு ஜோடிக் கண் வேண்டும். இந்த விதியைப் படித்ததுமே எனக்கு அந்தத் தளத்தின்மேல் மரியாதை வந்துவிட்டது.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் சார்தான். கணினிப் பக்கமே வராதவர். ஒரு நாள் திரையில் ஒரு பழைய பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். பின்னால் வந்து நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "என்னம்மா இது, லை-யை இப்படித் தப்பும் தவறுமா எடுத்திருக்கு?" என்றார். 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முந்தைய அச்சு அது. ணை, லை, ளை, னை எல்லாம் தலையில் சுழி வைத்து, யானை துதிக்கையைத் தூக்கியதுபோல் இருக்கும். கணினி அந்தச் சுழியில் தடுமாறி வாய்க்கு வந்ததைப் போட்டிருந்தது. "நாங்க சிலேட்டுல இதைத்தான் எழுதிப் பழகினோம். தள்ளும்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து செய்கிறோம். சார் மஞ்சளாக்குவார், நான் பச்சையாக்குவேன், சில பக்கங்களில் அது மாறும். அவர் வாசித்துக்கொண்டே போவார். நான் திரையில் கண்ணுக்குத் தெரியாத தவறுகளைப் பிடிப்பேன். கண்ணுக்குத் தெரியாத தவறு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ் எண் ஏழு, ௭, பார்க்க எ-வைப் போலவே இருக்கும். க-வும் தமிழ் எண் ஒன்றும் அதே மாதிரி. கணினி சில இடங்களில் எழுத்துக்குப் பதில் எண்ணைப் போட்டுவிடுகிறது. படிக்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. தேடுகிறவருக்கு மட்டும் அந்தச் சொல் அகப்படாது. ஔவையார் இன்னொரு பாடு. ஔ என்பது ஓர் எழுத்து. ஒ-வும் ள-வும் சேர்த்துத் தட்டி ஒளவையார் என்று வைத்தாலும் திரையில் கிட்டத்தட்ட அப்படியேதான் தெரிகிறது. அப்படி வைத்த பக்கத்தைச் சரியாகத் தட்டித் தேடும் பள்ளிப் பிள்ளையால் கண்டுபிடிக்க முடியாது. காலும் ர-வும் குழம்பி, பாரதம் பரரதமாக நிற்கும். அது கண்ணில் பட்டுவிடும், அதனால் ஆபத்து குறைவு.

சார் ஒரு பத்தியை முடித்தவுடன் அதை ஒரு முறை வாய்விட்டுப் படிப்பார். வாய்விட்டுப் படித்தால் விடுபட்ட ஒற்று காதுக்குத் தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. உண்மைதான். பக்கத்தில் நாளிதழ் படிக்கிறவர்கள் முதலில் நிமிர்ந்து பார்த்தார்கள். இப்போது அவர்களும் கேட்கிறார்கள். "சார், அந்த வரிய இன்னொரு தரம் சொல்லுங்க" என்று ஒருவர் கேட்டதுகூட உண்டு. நூலகத்தில் அமைதி காக்கவும் என்று எழுதிய பலகைக்குக் கீழேதான் இது நடக்கிறது. எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை.

புதுக் கருவிகளில் என்னைக் கவலைப்படுத்துவது, கேட்டால் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு. கட்டுரைப் போட்டிக்குத் தயாராகும் ஒரு மாணவி போனை நீட்டி, "மேடம், இந்த அஞ்சு புக்கும் நம்ம கிட்ட இருக்கா?" என்றாள். தலைப்புகள் அழகாக இருந்தன. ஆசிரியர்கள் உண்மையானவர்கள். பதிப்பகமும் உண்மையானது. ஆனால் அதில் மூன்று, அந்த ஆசிரியர்கள் எழுதவே எழுதாத புத்தகங்கள். எனக்குச் சந்தேகம் வந்தது, அவர்களின் மற்றப் புத்தகங்களைப் படித்திருந்ததால். அந்தப் பெண்ணுக்கு எப்படி வரும்?

அவளையே உட்கார வைத்துத் தேடச் சொன்னேன். முதலில் சென்னை கன்னிமாரா நூலகப் பட்டியல். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தின் படியும் போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. எல்லாப் பதிப்பாளரும் ஒழுங்காக அனுப்புவதில்லை, ஆகவே அங்கே இல்லை என்பதால் மட்டும் புத்தகமே இல்லை என்று ஆகிவிடாது. அதற்குப் பிறகு பல நாட்டு நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்டுகேட், லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஈழத்து நூலாக இருந்தால் "நூலகம்" என்ற மின்னூல் திட்டத்தின் தளத்தையும் பார்க்காமல் விடக் கூடாது. 2005இலிருந்து அவர்கள் சேர்த்து வைத்திருப்பது சாதாரண உழைப்பு இல்லை. எங்கேயும் ஒரு தடயமும் இல்லை என்றால், அந்தப் புத்தகத்தைக் கட்டுரையில் மேற்கோள் காட்டக் கூடாது. அவளுக்கு இது பிடிபட்டுவிட்டது. மறுபடி வந்தபோது, ஒரு பட்டியலில் ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் அது எந்த நூலகத்தில் இருக்கிறது என்று தானே எழுதிக்கொண்டு வந்தாள். இந்தப் பழக்கத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

குரலால் தட்டச்சு செய்வது மிக நன்றாக வேலை செய்கிறது. எழுத்துக் கூட்டித் தட்ட முடியாத பாட்டிமார் போனைப் பார்த்துப் பேசினால் போதும். எங்கள் பக்கத்துப் பேச்சுக்கும் பெரும்பாலும் பிடிபடுகிறது. அலமாரிகளில் கியூஆர் கட்டம் ஒட்டியதால் பெரிய பயன் இல்லை, ஒன்றிரண்டு பேர்தான் எடுத்துப் பார்த்தார்கள். கோஹா என்ற நூலக மென்பொருளை மாதிரித் தளத்தில் ஆசையாகச் சுற்றிப் பார்த்தேன். நியூசிலாந்தில் லெவின் என்ற சின்ன ஊரின் நூலகம், தன் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்ததும், புதிதாக ஒன்றை எழுதச் செய்து, அந்த ஜனவரியிலேயே ஓட்டத் தொடங்கி, உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தது. தலைநகரத்துப் பெரிய நூலகம் செய்ததல்ல. அது எனக்கு மிகவும் தெம்பாக இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் எந்தக் கருவிக்கும் இடம் கொடுக்கவில்லை. யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார்கள் என்பதை இலவச இணையப் படிவத்தில் பதிந்தால் வேலை சுலபம் என்று பலர் சொல்கிறார்கள். திருப்பித் தராதவர்களுக்குத் தானாகவே செய்தி போகுமாம். ஆனால் எங்கள் ஊர் சின்ன ஊர். விவாகரத்துச் சட்டத்தைப் பற்றிய புத்தகத்தை எடுத்துப் போன பெண்ணும், குடி மறப்பதைப் பற்றிய புத்தகத்தைத் துண்டில் சுற்றி எடுத்துப் போன மனிதரும் என்னை நம்பித்தான் மேசைக்கு வந்தார்கள். அவர்கள் பெயரும் போன் எண்ணும் புத்தகத் தலைப்பும் ஒரே வரியில், யார் கணினியில் இருக்கிறதென்று எனக்கே தெரியாத ஓர் இடத்தில் கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தாமதமானவர்களுக்கு நானே போன் செய்துவிடுகிறேன். எடுக்கிறவர் வேறு யாராவது என்றால், "நூலகத்திலிருந்து பேசறேன், ஒரு புத்தகம் வரணும்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். தலைப்பைச் சொல்ல மாட்டேன்.